கரடிக்குப் பசிக்கலன்னா நீ என்னடா பண்ணுவ!

ஏண்டா பேராண்டி, வட கரோலினா மலையில ஐப்பசி பூரா குளுர்ல குந்திக் கெடந்தும் ஒரு கரடிகூடக் கண்ணுல படலன்னு உங்கம்மாகிட்ட மூக்கால அழுதியாமே. அவ எங்கிட்ட வந்து, "மாமா, புள்ளைக்கு ஏழரை நடக்குதோ"ன்னு கேக்கறா. திருநள்ளாறு பக்கத்துல இருந்துட்டா இதான் தொல்லை. எது நடக்கலன்னாலும் பழி சனீஸ்வரன் தலையில விழுந்துடும். அவரு ரெண்டரை வருஷத்துக்கு ஒரு ராசின்னு தன் பாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்காரு. அமெரிக்கால இருக்கற கரடிக்கு இவரு என்ன பண்ணுவாரு?

நீ வாங்கின சாமான் பட்டியலையும் உங்கம்மா வாசிச்சா. துப்பாக்கி, பளீர்னு ஒரு ஆரஞ்சு மேல்சட்டை, மனுச வாடை அடிக்காம இருக்க ஒரு தைலம், மரத்துல கட்டி உக்கார ஏணி நாற்காலி, ராத்திரியில தானே படம் புடிக்கற கேமரா. அந்தக் காசுல நம்ம ஆறு மா நெலத்துக்கு ரெண்டு போகம் உழவு, நாத்து, நடவு, உரம் எல்லாம் முடிச்சிருப்பேன். சரி, உன் சம்பாத்தியம். ஆனா இவ்வளவும் வாங்கினவன், தலையைத் தூக்கி மரத்துல என்ன காய்ச்சிருக்குன்னு ஒரு தடவை பாத்தியா? அண்ணாந்து பாக்கறதுக்கு அந்த ஊர்லயும் டாலர் கேக்க மாட்டாங்களே!

குரும்பகரத்துக் கெழவனுக்குக் கரடியப் பத்தி என்ன தெரியும்னு சிரிப்ப. சிரி. காரைக்கால் மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டாலும் மலைன்னு இருக்கறது திருமலைராயன்பட்டினத்துப் பேர்ல மட்டுந்தான். கரடிய நான் வண்டலூர்ல பாத்தேன், அதுவும் முதுகக் காட்டிக்கிட்டுத் தூங்குச்சு. ஆனா எலியத் தெரியும்டா எனக்கு. எலி வயித்தப் படிச்சவனுக்குக் கரடி வயிறு ஒண்ணும் புது எழுத்து இல்ல.

கிட்டிய மறந்திருக்க மாட்ட. மூங்கிப் பத்தைய வில்லாட்டம் வளைச்சு, கயித்த இழுத்துக் கட்டி, நடுவுல பொரியோ கருவாட்டுத் துண்டோ வெச்சு, பொழுது சாயற நேரத்துல வரப்புல எலித் தடம் பாத்துச் சொருகிட்டுப் போவாரே கிட்டிக்காரர். எலி இரைய இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்த நெரிச்சுடும். விடியக்காலையில வந்து எடுத்து, எண்ணிக் காட்டி, எலிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டுப் போவாரு. வேளாண்மைப் புத்தகத்துல இதுக்குத் தஞ்சாவூர் கிட்டின்னே பேரு. காரைக்காலு தஞ்சாவூரு இல்லையேன்னு நம்ம ஆளுங்க யாரும் கொடி புடிக்கல. எலி மட்டும் எந்த ராஜாங்கம்னு பாத்தா கழுத்த நீட்டுது? நம்ம எல்லையில செக்போஸ்ட்டு இருக்கறது பாட்டிலுக்கு. எலி பாட்டுக்கு வாய்க்காங்கரை புடிச்சு தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே ராத்திரியில நாலு நடை போயிட்டு வருது.

இப்ப கேளு. கதிர் பால் புடிச்சு நிக்கற மார்கழியில, "எலி வெட்டு தாங்கல, வந்து கிட்டி வைங்க"ன்னு கிட்டிக்காரரப் போய்க் கூப்பிட்டா என்ன சொல்லுவாரு? வெத்தலைய ஓரமாத் துப்பிட்டு, "வர்றேங்க, வர்றேங்க"ம்பாரு. வர மாட்டாரு. முன்பணம் குடுத்துப் பாரு, அப்பவும் வர மாட்டாரு. கல்யாணப் பந்தியில வடை பாயசத்தோட உக்காந்திருக்கறவன்கிட்ட போய் ஒரு பிடி பொரிய நீட்டினா வாங்குவானா? வயல் முழுக்க இனிக்க இனிக்கப் பால் கதிரு தொங்கறப்ப உன் பொரிய எந்த எலி மோந்து பாக்கும்? ராத்திரி பூரா நூறு கிட்டி வெச்சாலும் நாலு விழும். அந்த நாலும் புத்திகெட்ட எலியா இருக்கும். எலிக்குக் காசு வாங்கற மனுசன் அந்த நேரத்துல எதுக்கு வரப்புல வந்து பனியில நனையறாரு?

அவரே சித்திரை வைகாசியில கூப்பிடாமலே வந்து திண்ணையில குந்துவாரு. உளுந்து பறிச்சாச்சு, பயறு எடுத்தாச்சு, வயல் தரிசாக் கெடக்கு. கண்ணுக்கெட்டின தூரம் கடிக்க ஒண்ணும் இல்ல. வயலெல்லாம் பரவிக் கெடந்த எலி பூரா வரப்புலயும் வாய்க்காங்கரையிலயும் சுருங்கிடும். அன்னிக்குப் பொரி வெச்சா அது பொரி இல்ல, அமுதம். கிட்டிக்காரரு மீசைய முறுக்கிக்கிட்டு, "எப்படி நம்ம கைராசி?"ம்பாரு. நானும் ஆமாங்கன்னு தலையாட்டுவேன். கை அதே கைதான், மூங்கிலும் அதே மூங்கில்தான். மார்கழியில மட்டும் அந்த ராசி எங்க போச்சுன்னு நான் கேக்கறதில்ல. கேட்டா அடுத்த வருஷம் வர மாட்டாரு.

ஐப்பசி கார்த்திகை அடைமழைன்னா இன்னொரு வாட்டம். வளைக்குள்ள தண்ணி போயிடும். எலி மேட்டு வரப்புக்கும் ஆத்தங்கரைக்கும் ஏறிடும். அப்ப தடம் தேட வேண்டிய வேலையே கெடையாது. ஈர மண்ணுல எழுதி வெச்சாப்புல தெரியும்.

நெடுங்காட்டுப் பக்கம் செருமாவிலங்கையில 1987-லேருந்து வேளாண்மைக் கல்லூரி நடக்குதுல்ல, அங்கேருந்து வர்ற புள்ளைங்க நம்ம திண்ணையில உக்காந்து இதையே வேற பாஷையில சொல்லும்: பயிர் தொண்டை உருளறதுக்கு முன்னாடியே எலிய அடக்கிடணும், ஊரே சேந்து ஒரே நேரத்துல செய்யணும், கதிரு வந்த பொறவு வெச்ச இரை வெச்ச எடத்துலயே கெடக்கும். சிங்க் பாஸ்பைடு வைக்கறதுன்னா, 49 பங்கு இரைக்கு 1 பங்கு மருந்து. அதுக்கும் முன்னாடி ரெண்டு மூணு நாளு வெறும் பொரியை வெச்சு எலியப் பழக்கணும். பழக்காம வெச்சா ஒண்ணு தின்னுட்டு சாவும், மீதி எல்லாம் அத மோந்து பாத்துட்டு வேற வழியாப் போயிடும். இந்தக் கணக்கெல்லாம் எதுக்குங்கற? எலிய ஏமாத்த மருந்து போதாது, அது பசியோட இருக்கணும். அந்தப் பசிய நாம உண்டாக்க முடியாது. நெல்லுதான் உண்டாக்கும், இல்லாட்டி தணிக்கும்.

வயல்ல தென்னை மட்டையத் தலைகீழா நட்டு வெக்கறோமே, ராத்திரி கூகை வந்து உக்கார, அதுக்கும் இதே விதி. நாத்து நட்ட புதுசுல, தரை தெரியறப்ப, அது கீழ எறங்கி எலியத் தூக்கிக்கிட்டுப் போயிக்கிட்டே இருக்கும். பயிரு அடர்ந்து மூடிட்டா கூகையும் மட்டை மேல உக்காந்து உன்ன மாதிரி முழிக்கும். அதுக்கு ஏணி நாற்காலியும் இல்ல, தைலமும் இல்ல. அதனால அவமானமும் இல்ல.

இப்ப உன் மலைக்கு வரேன். நீ அனுப்பின கட்டுரையெல்லாம் பேத்தி வாசிச்சுக் காட்டினா. நீ வாசிக்காம அனுப்பிட்டன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அங்க கரடிக்கு நெல்லு எதுன்னா ஓக் மரத்துக் கொட்டை. குளிர்காலம் பூரா குழிக்குள்ள சுருண்டு படுக்கணும், ஒரு கவளம் கெடைக்காது. அதனால புரட்டாசி ஐப்பசியில அது ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைக்கும் தின்னுமாம். இட்லிக் கணக்குல நானூறு வரும். உங்க பாட்டி ஆட்டுக்கல்லோட மல்லுக்கு நின்னாலும் முடியாது. நம்ம எலி கதிர அறுத்து வளைக்குள்ள அடுக்குது, அறுப்பு முடிஞ்சா சனங்க வளைய வெட்டி அந்த நெல்லை எடுத்துடறாங்க. கரடி அந்த வம்பே வெச்சுக்கல. களஞ்சியத்தத் தன் தோலுக்கு அடியிலயே கட்டிக்குது.

அந்த மலையில ஒரு காலத்துல கொட்டை மரம்னா செஸ்நட்டுதானாம். வருஷம் தப்பாமக் கொட்டும். 1904-ல நியூயார்க் மிருகக்காட்சிசாலைத் தோட்டத்துல ஒரு பூசண நோயைக் கண்டுபுடிச்சாங்க. அடுத்த அம்பது வருஷத்துக்குள்ள முந்நூறு கோடிக்கு மேல மரம் போச்சுங்கறாங்க. அன்னியிலேருந்து கரடி ஓக் கொட்டைய நம்பிப் பொழைக்குது. அது நம்பற மாதிரி மரமா? நம்ம மாமரம் ஒரு வருஷம் சாய்ஞ்சு காய்ச்சுட்டு மறு வருஷம் சும்மா நிக்கும்ல, அதுக்கும் மேல. காட்டுல இருக்கற மரம் பூரா பேசி வெச்சுக்கிட்டாப்புல சில வருஷம் கஞ்சத்தனமா இருந்துட்டு, திடீர்னு ஒரு வருஷம் மடமடன்னு கொட்டிடும். வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்ச்சா அணிலும் எலியும் கரடியும் அதுக்கேத்த மாதிரி பெருகி, ஒரு கொட்டைகூட முளைக்க விடாது. பட்டினி போட்டுக் கூட்டத்தக் குறைச்சுட்டு, ஒரே வருஷத்துல அள்ளிக் கொட்டினா தின்னு தீக்க ஆளிருக்காது, மிச்சம் முளைக்கும். விஞ்ஞானிங்க இப்படித்தான் சொல்றாங்க. மரத்துக்கு இருக்கற கெட்டிக்காரத்தனம் நம்ம பஞ்சாயத்துல ஒருத்தருக்கு இருந்தா தூர்வாருற காண்ட்ராக்டு ஒழுங்கா நடக்கும்.

இன்னொரு சூட்சுமம் இருக்கு, இத நீ பாத்து வேட்டை கத்துக்கிட்ட யூடியூப்காரன் சொல்லியிருக்க மாட்டான். ஓக்குல ரெண்டு வகையறா. வெள்ளை ஓக்கு வசந்தத்துல பூத்து அதே வருஷம் கொட்டை போடும். சிவப்பு ஓக்கு இந்த வருஷம் பூத்தா அடுத்த வருஷம் பொரட்டாசிக்குத்தான் கொட்டை. வெள்ளைக் கொட்டை துவர்ப்புக் கம்மி, கரடி அதத்தான் மொதல்ல தேடும். சித்திரையில பூக்கற நேரம் ஒரு உறைபனி விழுந்துச்சுன்னு வெச்சுக்க. வெள்ளை ஓக்கு அந்த வருஷமே கைய விரிச்சுடும். சிவப்பு ஓக்கு அந்த வருஷம் பழைய கணக்குல கொட்டிட்டு, அடுத்த வருஷம் கைய விரிக்கும். ஒரே ராத்திரிப் பனி, ரெண்டு வருஷத்துக்கு வரவு செலவ மாத்திப் போட்டுடுது. இதுக்குத்தான் அந்த ஊரு வனவிலங்கு இலாகா ஆளுங்க வருஷா வருஷம் கோடைக் கடைசியில பைனாகுலரத் தூக்கிக்கிட்டு மரம் மரமா அண்ணாந்து கொட்டை கணக்கெடுக்கறாங்களாம். அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டு அண்ணாந்து பாக்கறாங்க. காசு குடுத்து வேட்டைக்குப் போன நீ குனிஞ்சு போனப் பாத்துக்கிட்டு இருந்த.

நீ அனுப்பின போட்டோவத்தான் சொல்றேன். நீ சிரிச்சுக்கிட்டு நிக்கற. உன் பூட்சுக்கு அடியில கொட்டை கொட்டையாச் செதறிக் கெடக்கு. பேத்தி பெரிசு பண்ணிக் காட்டினா. காய்ப்பு வருஷம்டா அது! அந்த வருஷத்துல கரடிக்குக் காட்டுல எங்க வாயத் தொறந்தாலும் சோறு. அது எதுக்கு மேட்ட விட்டு எறங்கணும், எதுக்குச் சாலையத் தாண்டணும், எதுக்குச் சோளக் கொல்லைக்கு வரணும்? ஒரே சரிவுல தின்னுட்டு, அங்கயே படுத்துட்டு, அங்கயே எழுந்து தின்னும். நீ எங்க ஏணியக் கட்டின? பள்ளத்துல, சோளக் கொல்லை ஓரமா. யூடியூப்காரன் அப்படித்தான் கட்டினானாம். அவன் படம் புடிச்சது கொட்டை பொய்ச்ச வருஷமா இருக்கும். அந்த வருஷம் கரடி பசியோட மைல் கணக்கா அலைஞ்சு, குப்பைத் தொட்டி, சோளம், ஆப்பிள் தோப்பு, கார் ரோடுன்னு எல்லாத்துலயும் மூக்க நுழைச்சிருக்கும். அவன் தைரியசாலி மாதிரி துப்பாக்கியக் காட்டியிருப்பான். சித்திரை மாசத்துக் கிட்டிக்காரரு மீசைதான் அது.

ஆனா ஒண்ணு. பசி வருஷத்துல கரடி கண்ணுல படறது மொதல் பாதியிலதான். தேடித் தேடி ஒண்ணும் கெடைக்கலன்னா, அலைஞ்சு உள்ள கொழுப்பையும் எதுக்குக் கரைக்கணும்னு சீக்கிரமே குழிக்குள்ள போயிடும். காய்ப்பு வருஷத்துல பனி விழுந்த பொறவும், கொட்டை கெடைக்கற வரைக்கும், வெளியிலயே சுத்தும். உங்க மலையில சீசன் ரெண்டு துண்டு. ஐப்பசி கார்த்திகையில ஒண்ணு, மார்கழியில புது வருஷம் வரைக்கும் ஒண்ணு. மொதல் துண்டுல ஏமாந்தவன் ரெண்டாவது துண்டுல ஜெயிக்கற வருஷம் இது. நீ என்னடான்னா லீவ மொதல் துண்டுலயே தீத்துட்டு வந்து அழுவற.

இதுல எனக்குன்னு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிடறேன். பசி வருஷத்துல சுடறது சுலபம், அதனாலதான் எனக்குப் புடிக்கல. பெட்டைக் கரடி ஆனி ஆடியில சேரும். ஆனா கரு உடனே ஒட்டாது, வயித்துக்குள்ள மெதந்துக்கிட்டே காத்திருக்கும். கார்த்திகை வரைக்கும் அவ உடம்புல எவ்வளவு கொழுப்பு சேந்துச்சுன்னு உடம்பே கணக்குப் பாக்கும். போதும்னா கரு ஒட்டும், தை மாசம் குழிக்குள்ளயே குட்டி போடும். போதாதுன்னா கலைஞ்சுடும். கொட்டை பொய்ச்ச வருஷம் பெரிசுங்களும் அதிகமாச் சாவுது, அடுத்த வருஷக் குட்டியும் வராது. ரெண்டு பக்கமும் அடி. உன் சட்டத்துலயே 75 பவுண்டுக்குக் கீழ இருக்கறதையும், குட்டியோட இருக்கற தாயையும் சுடக்கூடாதுன்னு இருக்கு. வயித்துக்குள்ள மெதந்துக்கிட்டு இருக்கறத எந்தச் சட்டம் பாக்கும்?

நம்ம எலிக்கு இந்த வம்பே கெடையாது. மூணு வாரத்துக்குச் சொச்சம் கர்ப்பம், ஒரு ஈத்துல ஏழெட்டு. நெல்லு முத்தற நேரத்தச் சரியாப் பாத்துப் பெருகும். அதனாலதான் முன்னக் காலத்துல ஊரே ஒண்ணா நட்டு ஒண்ணா அறுத்துச்சு. எலிக்கு ஒரே ஒரு விருந்து, அப்பறம் பட்டினி. இப்ப? மேட்டூருல எப்ப தொறப்பான்னு அவனுக்கே தெரியாது. ஜூன் 12ன்னு பேரு. 2022-ல மே 24-லயே தொறந்துட்டான், 2024-ல ஜூலை 28 வரைக்கும் காக்க வெச்சான். காவிரி நடுவர் மன்றம் நமக்குன்னு 7 டிஎம்சி எழுதி வெச்சுச்சு. கடைமடைக்கு அது வந்து சேர்றதுக்குள்ள போர்வெல்காரன் குறுவை நட்டுக் கதிரும் வந்துடுது, ஆத்துத் தண்ணிய நம்பினவன் அப்பத்தான் நாத்து விடறான், இன்னொருத்தன் நேரடி விதைப்பு. பக்கத்துப் பக்கத்து வயல்ல மூணு பருவம்! எலி ஒரு வயல்ல சாப்புட்டுட்டு அடுத்த வயலுக்கு எல போட நடக்குது. 7 டிஎம்சியில யாருக்கு லாபம்னு என்னக் கேட்டா எலிக்குத்தான்னு சொல்லுவேன்.

கொட்டையும் பூவும் காய்ப்பும் அரசாங்கத்தயே கவுக்கும்னு சொன்னா நம்புவியா? மிசோரம்ல ஒரு மூங்கில் இருக்கு, 48 வருஷத்துக்கு ஒரு தடவை காடு முழுக்க ஒண்ணாப் பூத்துக் காய்ச்சு ஒண்ணாச் சாவும். அந்தக் காயத் தின்னு எலி கட்டுக்கடங்காமப் பெருகும். காய் தீந்ததும் கூட்டமா வயல்ல எறங்கும். 1958-லயே ஊருப் பெரிசுங்க, வரப்போகுது, கையில கொஞ்சம் பணம் குடுங்கன்னு கேட்டாங்க. அசாம் சர்க்காரு பழங்கதைன்னு சிரிச்சுது. 1959-ல பஞ்சம். எலி வாலுக்குக் காசுன்னு அறிவிச்சு, மூட்டை மூட்டையா வாலா வந்து குவிஞ்சும் தானியம் மிஞ்சல. பஞ்ச நிவாரணத்துக்குன்னு லால்டெங்கா ஆரம்பிச்ச சங்கம் 1961-ல மிசோ தேசிய முன்னணியாச்சு, 1966-ல துப்பாக்கியத் தூக்குச்சு. இருபது வருஷம் கழிச்சு ஒப்பந்தம், அப்பறம் தனி மாநிலம், அவரே முதலமைச்சர். பெரிசுங்க பேச்சக் கேட்டிருந்தா கொஞ்சம் அரிசியோட போயிருக்கும். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன், உன்னக் குத்திக் காட்டல.

ஜப்பான்லயும் அதே கதை. அங்க பீச் மரக் கொட்டையும் ஓக் கொட்டையும் பொய்ச்ச வருஷம் கரடி ஊருக்குள்ள வந்துடுது. 2023 நிதியாண்டுல 219 பேரத் தாக்கி, 6 பேரு செத்தாங்க. 2025-ல அகிதாப் பக்கம் பட்டாளத்தையே கூப்பிட்டாங்க. மலையோரக் கிராமத்துல எளவட்டம் எல்லாம் டோக்கியோவுக்குப் போயிடுச்சு, கெழவன் கெழவிதான் பாக்கி, பறிக்க ஆளில்லாம பழமும் மரத்துலயே தொங்குது. கரடிக்கு அது அழைப்புக் கடுதாசி. எளவட்டம் போயிட்ட ஊரு எங்கெங்க இருக்குன்னு நான் பட்டியல் போட ஆரம்பிச்சா உனக்குக் கோவம் வரும்.

வேட்டையாடியே தீரணும்னு இருந்தா யாரப் பாத்துக் கத்துக்கணும்னு சொல்றேன். மாசி சடையன், வடிவேல் கோபால்னு செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ரெண்டு பேரு. 2017 ஜனவரியில உன் அமெரிக்காவே டிக்கெட்டு போட்டு புளோரிடாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு, மலைப்பாம்பு புடிக்க. அங்கத்துக்காரன் வண்டியில ரோடு ரோடாச் சுத்திக்கிட்டு இருந்தான். இவங்க எறங்கி நடந்தாங்க. பாம்பு எங்க வெயில் காயும், எந்தப் புதர்ல உரசிட்டுப் போயிருக்கும், எங்க எச்சம் கெடக்குன்னு பாத்துப் பாத்தே ரெண்டு வாரத்துக்குள்ள 13 புடிச்சாங்க. 2023-ல பத்மஸ்ரீ. தைலம் பூசிக்கிட்டதாத் தகவல் இல்ல.

இங்க வந்து இந்த ஆசையத் தீத்துக்கலாம்னு மட்டும் நெனச்சுடாத. நம்ம நாட்டுக் கரடி 1972 வனவிலங்குச் சட்டத்துல மொதல் அட்டவணை. தொட்டா மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷம் உள்ள. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல அது நடந்து வந்தா மனுசன்தான் ஒதுங்கிக்கணும். அதுக்கும் இலுப்பைப் பூவு, கொன்றைக் காய், நாவப்பழம்னு பருவக் கணக்கு இருக்கு, ஆனா நீ அதப் பாக்கறதோட நிறுத்திக்க. எலி அஞ்சாவது அட்டவணையில, காக்காய் வௌவாலோட இருந்துச்சு. 2022 திருத்தத்துல அந்த அட்டவணையையே தூக்கிட்டாங்க. எலிக்குத் தகவல் போயிருக்காது.

சரி, கேட்டதுக்கு யோசனை. அந்த ஏணிய அவுத்துடு. சோளக் கொல்லைய மறந்துடு. லீவு மிச்சம் இருந்தா மார்கழியில ஒரு விடியக்காலையில மேட்டுக்கு ஏறு, வெள்ளை ஓக்குக் கொட்டை தீந்திருக்கும், சிவப்பு ஓக்கு நிக்கற சரிவாப் பாரு. தரையில சருகு பெரட்டிப் போட்டிருக்கா, கொட்டை ஓடு புதுசா ஒடஞ்சிருக்கா, எச்சத்துல என்ன இருக்குன்னு குச்சியால கிளறிப் பாரு. அருவருப்புப் படாத, நீ சின்னப் புள்ளையில எலி வளைக்குள்ள கைய விட்டவன். அப்படியே கரடிய நேருக்கு நேராப் பாத்துட்டன்னா, அடுத்த வருஷம் காட்டுல என்ன காய்க்குதோன்னு யோசிச்சுட்டு, சுடறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்க. உங்கம்மாகிட்ட ஏழரை எதுவும் இல்லன்னு நான் சொல்லிட்டேன். அவ இருந்தாலும் எள்ளு விளக்குப் போடத்தான் போவா, போகட்டும், அது உன் கணக்குல வராது.

இந்த யோசனைக்குக் கூலி உண்டு. நாளன்னிக்குக் கிட்டிக்காரரு வராரு, வர்ற கோடைக்கு ஆறு மாவுக்கும் வெச்சுடறேன்னாரு, முன்பணம் வேணுமாம். பேத்தி நம்பருக்கு ஜிபே பண்ணிடு. போன வருஷ பாக்கியும் சேத்து.